சிம்னி இல்லாத ரூம்ல கேஸ் ஹீட்டரா? மொதல்ல சுவத்துல ஓட்டை போட மனச தேத்திக்கோங்க

மூணாறு குளிர பத்தி இங்க இருக்கவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, செண்டுவாரை லட்சுமி எஸ்டேட்டு பக்கமெல்லாம் ஜனவரில சில விடியக்காலை பூஜ்யம் டிகிரிக்கு போயி புல்லு மேல உப்பு தூவுன மாதிரி உறைபனி படிஞ்சு கெடக்கும். நான் சின்னக்கானல்ல இருந்து சூரியநெல்லி போற ரோட்டுல மூணு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறேன், அப்பா எஸ்டேட்ல இருந்து ரிட்டயர் ஆகி வந்த காசுல கட்டுனது. போடிமெட்டு ஏறி வர்ற மதுரைக்காரங்க தேனிக்காரங்க எல்லாரும் பைய எறக்கி வைக்கிறதுக்கு முன்னாடியே கேக்குற மொத கேள்வி, அண்ணே ரூம்ல ஹீட்டர் இருக்கான்னு தான்.

பழைய தொரை பங்களாவுல எல்லாம் சிம்னி இருக்கு, கிராண்டிஸ் வெறகப் (யூகலிப்டஸ் மரம் தான்) போட்டு எரிச்சா பொகை மேல போயிரும், தொரை கம்பளிய போத்திக்கிட்டு உக்காந்திருப்பாரு. லயத்துல, அதான் தொழிலாளிங்க இருக்க எஸ்டேட்டு லைன் வீட்டுல, சிம்னி கெடையாது, ஆனா ஓட்டுச் சந்துலயும் தகர இடுக்குலயும் பொகை எப்படியோ வெளிய போகும், உள்ள இருக்க ஆளுக்கு கண்ணு மட்டும் எரியும். நாம இப்ப கட்டுற கான்கிரீட் ரூமுக்கு சிம்னியும் இல்ல சந்தும் இல்ல. அலுமினியம் ஜன்னலு, கீழ ரப்பர் வச்ச கதவு, மேல பிவிசி சீலிங்னு டிபன் பாக்ஸ் மாதிரி அடைச்சு வச்சிருக்கோம். அந்த டிபன் பாக்ஸுக்குள்ள தீய வைக்கிறது எப்படிங்கறது தான் விஷயம்.

நான் மொதல்ல பண்ண தப்ப சொல்லிர்றேன். அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி ஒரு கடைல சக்கரம் வச்ச கேஸ் ஹீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், பின்னாடி பெட்டிக்குள்ளயே சிலிண்டர வச்சுக்கலாம், முன்னாடி மூணு பேனல் செவசெவன்னு எரியும், பாக்க அழகா இருக்கும். கடைக்காரரு பைப்பும் வேணாம் ஓட்டையும் வேணாம் தள்ளிட்டு போயி பத்த வைங்கன்னாரு. கெஸ்டுக்கு குடுக்குறதுக்கு முன்னாடி நாமளே டெஸ்ட் பண்ணிரலாம்னு அம்மாவும் நானும் அந்த ரூம்லயே படுத்தோம். பன்னெண்டு மணி சுமாருக்கு அம்மா எந்திரிச்சு தலை கிர்ருங்குதுடா, வயித்த பொரட்டுதுன்னு சொன்னாங்க, எனக்கும் தலைவலி மண்டைய பொளக்குது, ராத்திரி தின்ன மீன் கொழம்பு சரியில்ல போலன்னு நெனச்சு கதவ தொறந்து வெளிய வந்து உக்காந்தோம், அரை மணி நேரத்துல ரெண்டு பேருக்கும் தேவலாம் ஆயிருச்சு. அம்மா இன்னமும் அது அமுக்குவான் பேயிங்கறாங்க. பேயெல்லாம் இல்ல, அது கார்பன் மோனாக்சைடு. மீன் கொழம்பு மேல பழி போட்டுட்டு திரும்ப போயி படுத்திருந்தா இத எழுத ஆளு இருந்திருக்காது.

அப்புறம் அடிமாலில இருந்து ஒரு ஃபிட்டர் சேட்டன் வந்தாரு, ரூம ஒரு சுத்து பாத்துட்டு அவர் சொன்னது ஒரே ஒரு வரி, "ஹோல் இல்லெங்கில் ஹீட்டரும் வேண்டா, கேட்டோ." ஓட்டை இல்லேன்னா ஹீட்டரும் வேணாம்ங்கறாரு. கீழ நான் எழுதப்போறது பூரா அந்த ஒரு வரிக்கு வெளக்கம் தான்.

சிம்னின்னா பொகை போற வழின்னு தான் நாம நெனைக்கிறோம். கேஸ்ல பொகையே வராதே, அப்ப எதுக்கு சிம்னின்னு தோணும், எனக்கும் அப்படித் தான் தோணுச்சு. ஆனா கேஸ் எரியும்போது கண்ணுக்கு தெரியாம மூணு காரியம் நடக்குது. ரூம்ல இருக்க ஆக்சிஜன திங்குது, கார்பன் டை ஆக்சைட கக்குது, தண்ணிய ஆவியா விடுது. ஒரு கிலோ எல்பிஜி எரிய பதினஞ்சு கிலோவுக்கு மேல காத்து வேணும். பன்னெண்டுக்கு பன்னெண்டு ரூமு ஒம்பதடி ஒசரம்னா ஒரு முப்பத்தாறு கன மீட்டர், நம்ம ஒசரத்துல காத்து லேசு, கன மீட்டருக்கு சுமாரா ஒரு கிலோ தான் வரும், அப்ப ரூம்ல இருக்க மொத்த காத்தே முப்பத்தாறு கிலோ. அந்த மூணு பேனல் ஹீட்டர் 4 கிலோவாட்டுக்கு கொஞ்சம் மேல, மூணு மணி நேரத்துல ஒரு கிலோ கேஸ முடிச்சிரும். காத்து கசியாத ரூம்னா மூணு மணி நேரத்துல உள்ள இருக்க காத்துல கிட்டத்தட்ட பாதி அடுப்புக்கே போச்சு. கூடவே ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வந்து சுவத்துல வேர்த்து நிக்கும், நம்ம ஊர்ல ஏற்கனவே சுவரெல்லாம் பூஞ்சை, கேக்கவா வேணும்.

ஆக்சிஜன் கொறைய கொறைய தீ சரியா எரியாது, அரைகுறையா எரியும்போது தான் கார்பன் மோனாக்சைடு வருது. நெறம் கெடையாது வாசன கெடையாது. கேஸ் கசிஞ்சா வர்ற நாத்தம் மெர்காப்டன்னு வேணும்னே கலக்குறது, அது எரிஞ்சு போயிரும், அதனால நாத்தம் வரலையே சேஃப் தான்னு நெனைக்கிறதுல அர்த்தமே இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டிக்கிற எடத்துல இது 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கிரும், தூக்கத்துல இருக்கவன் முழிக்காமலே போயிரலாம். 2020 ஜனவரில நேபாளம் டாமன்ல ரிசார்ட் ரூம்ல தங்குன கேரளாக்காரங்க எட்டு பேரு, அதுல நாலு கொழந்தைங்க, ஒரே ராத்திரில போனது ஞாபகம் இருக்கும், குளிருக்கு கேஸ் ஹீட்டர போட்டுட்டு கதவு ஜன்னல பூட்டிட்டு படுத்தது தான். அந்த வாரம் பூரா இங்க டீக்கடைல அதே பேச்சு, அடுத்த வாரம் அதே டீக்கடைக்கு பக்கத்து ஹோம்ஸ்டேல அதே மாதிரி ஹீட்டர புதுசா வாங்கி எறக்குனாங்க. நம்ம ஆளுங்க அப்படித் தான்.

சரி, இப்ப என்னென்ன வழி இருக்குன்னு பாப்போம்.

சக்கரம் வச்ச பெட்டி ஹீட்டர தூங்குற ரூமுக்கு மறந்துருங்க. கதவு தொறந்தே கெடக்குற வராண்டாவுல, ஆளு முழிச்சிருக்கும்போது வேணா வச்சுக்கலாம். ரெண்டாவது, ஃப்ளூ (எரிஞ்ச காத்து வெளிய போற குழாய்) இல்லாம கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வச்சு வர்ற கேஸ் ஃபயர்ப்ளேஸ், சிம்னியே வேணாம்னு வெளம்பரம் பண்றது இதத் தான். கார்பன் மோனாக்சைட அது மாத்திரும், சரி தான், ஆனா ஆக்சிஜன எங்க இருந்து கொண்டு வரும், தண்ணி ஆவிய எங்க கொண்டு போகும்? இங்கிலாந்துல இத வைக்கணும்னாலே மூட முடியாத வென்ட்டு சுவத்துல இருக்கணும்ங்கறாங்க, பொதுவா 100 சதுர சென்டிமீட்டர், தொறக்கற மாதிரி ஜன்னலும் வேணும், ரூமும் இத்தன கன மீட்டருக்கு கொறையக்கூடாதுன்னு மேனுவல்ல போட்டிருப்பாங்க. ஆக ஓட்டை போடாம அதுக்கும் வழி இல்ல. நம்ம கெஸ்ட் என்ன பண்ணுவான், குளிர் காத்து வருதுன்னு அந்த வென்ட்டுல டவல சொருகிருவான். அதான் அது எனக்கு பிடிக்கல.

மூணாவது தான் நான் போட்டது, பேலன்ஸ்டு ஃப்ளூ. முன்னாடி கெட்டிக் கண்ணாடி, அடைச்ச பொட்டி, பின்னாடி சுவத்த தொளைச்சு வெளிய போற ரெட்டை பைப், பைப்புக்குள்ள பைப். வெளிப் பைப் வழியா வெளிக்காத்து உள்ள வரும், உள் பைப் வழியா எரிஞ்ச காத்து வெளிய போகும், ரூம் காத்துக்கும் தீக்கும் சம்மந்தமே கெடையாது, கெஸ்ட் கதவு ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சாலும் அது பாட்டுக்கு எரியும். இதுலயே ஃபேன் வச்சது இருக்கு, பவர் ஃப்ளூம்பாங்க, வெளிச் சுவரு தள்ளி இருந்தா பைப்ப தூரமா கொண்டு போலாம், ஆனா கரண்டு போனா ஹீட்டரும் போச்சு. நம்ம ஏரியால காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே கிராண்டிஸ் மரம் லைன் மேல சாஞ்சிரும், அதனால ஃபேன் இல்லாததே நமக்கு ஒத்து வரும்.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். சின்ன ரூமு, வருசத்துல ஒரு இருபது நாள் தான் ஆளு வருவாங்கன்னா இந்த கூத்தே வேணாம், ஆயில் ஹீட்டர் ஒண்ணு வாங்கி ப்ளக்கு சொருகிட்டு போங்க. 2,000 வாட்னா மணிக்கு ரெண்டு யூனிட் கரண்டு, அவ்ளோ தான். வயரிங்கும் பதினாறு ஆம்ப்ஸ் ப்ளக்கும் ஒழுங்கா இருந்தா போதும். லயத்துல கம்பெனி வீட்டுல இருக்கவங்களுக்கும் அது தான் சரி, கம்பெனி சுவத்துல ஓட்டை போட்டா சூப்பர்வைசர் சும்மா விடமாட்டாரு. கரண்ட நம்ப முடியாது, சீசன் பூரா ரூம் ஓடுது, நெருப்பு தெரியணும்னு கெஸ்ட் ஆசப்படுறாங்கன்னா மட்டும் மேற்கொண்டு படிங்க.

வாங்குறதுக்கு முன்னாடி மூணு அளவு எடுக்கணும். ரூம் அளவ எல்லாரும் எடுத்துருவாங்க, சுவர் கனத்த யாரும் எடுக்க மாட்டாங்க, நானும் எடுக்கல. ஃப்ளூ பைப் கிட்டு ஒவ்வொண்ணும் இத்தன மில்லிமீட்டர்ல இருந்து இத்தன வரைக்கும்னு ஒரு கணக்குல தான் வரும். எங்க மூணாவது ரூம் பழைய கருங்கல்லுக் கட்டடம், சுவரு ஒன்றரை அடிக்கு மேல, வந்த பைப் சுவத்துக்குள்ளயே முடிஞ்சு போச்சு, நீட்டு கிட்டுக்கு பதினெட்டு நாள் காத்துக் கெடந்தேன், ஓட்டைய சாக்கு வச்சு அடைச்சுட்டு. மூணாவது அளவு கடல் மட்டத்துல இருந்து நம்ம ஒசரம். சில மேனுவல்ல இத்தன மீட்டருக்கு மேல வேணாம்னோ, ஜெட்ட (பர்னருக்கு கேஸ் பீச்சுற சின்ன மூக்கு) மாத்தணும்னோ போட்டிருப்பாங்க. மூணாறு பக்கம் 1,500 மீட்டர், அதுக்கும் மேல. காத்துல ஆறுல ஒரு பங்கு கொறைவுன்னு வச்சுக்கோங்க, போடில சரியா எரியற பர்னர் இங்க மஞ்சளா பொகையா எரியலாம். கடைல இத கேட்டா முழிப்பாங்க, கம்பெனிக்கு எழுதியாவது கேட்டுருங்க.

அடுத்து பொட்டி மேல இருக்க லேபிள். வெளிநாட்டு ஐட்டம்னா ஜி20 அப்படின்னு போட்டிருந்தா அது பைப்ல வர்ற இயற்கை எரிவாயுவுக்கு, நம்ம சிலிண்டருக்கு ஆகாது. ஜெட்டு ஓட்டை பெருசா இருக்கும், எல்பிஜிய குடுத்தா தீ சீறிக்கிட்டு கரியா கக்கும். ஜி30ன்னா பியூட்டேனு, ஜி31ன்னா புரொப்பேனு, நம்ம சிலிண்டர்ல வர்றது ரெண்டும் கலந்தது. வீட்டு ரெகுலேட்டர் குடுக்குற பிரஷர் 30 மில்லிபார், ஹீட்டரும் அதே 30க்கு ஆனதா, எல்பிஜிக்குன்னு தெளிவா எழுதி இருக்கான்னு பாருங்க. ஹோட்டல் அடுப்புக்கு போடுற ஹை பிரஷர் ரெகுலேட்டர எந்தக் காரணத்துக்கும் மாட்டாதீங்க, தீ நல்லா வரும்னு ஒருத்தர் எங்கிட்டயே ஐடியா குடுத்தாரு.

சுவர் எது? வெளிச் சுவரு, அதுவும் அந்தப் பக்கம் உண்மையிலேயே வெட்டவெளியா இருக்க சுவரு. மழைக்கு நீலப் படுதா கட்டுன வராண்டா வெளி கெடையாது. ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல இருக்க மூணடி சந்து வெளி கெடையாது. பாத்ரூம் பக்கம், மாடிப்படிக்கு கீழ, பக்கத்து ரூம் ஜன்னலுக்கு அடில, இதெல்லாம் கூடவே கூடாது. வெளிய வர்ற காத்து திரும்ப இன்னொரு ரூமுக்குள்ள போச்சுன்னா ஓட்டை போட்டதே வேஸ்ட். இங்கிலாந்து கணக்குல 7 கிலோவாட்டுக்குள்ள இருக்க ஃபேன் இல்லாத ஃப்ளூவுக்கு தொறக்குற ஜன்னல்ல இருந்து 300 மில்லிமீட்டராவது தள்ளி இருக்கணும், நான் ரெண்டு மடங்கா தள்ளி வச்சேன், எடம் இருக்கும்போது எதுக்கு கஞ்சத்தனம். மேனுவல்ல அதுக்கு மேல சொன்னா மேனுவல் தான் சட்டம். ஜூன்ல தென்மேக்கு மழை எந்தப் பக்கம் இருந்து சாத்தும்னு உங்க வீட்டுல வயசானவங்கள கேளுங்க, முடிஞ்சா அந்தச் சுவர தவிர்த்துருங்க.

உள்பக்கம் ஹீட்டர் உக்கார்ற எடத்துல பின்னாடியும் கீழயும் எரியாத சாமான் தான் இருக்கணும், கல்லோ டைல்ஸோ. பிவிசி பேனல் ஒட்டி அழகு பண்ணி வச்சிருப்போம்ல, அத அந்த எடத்துல பேத்து எடுத்துருங்க, சூட்டுல உருகி வழிஞ்சிரும். மரச் சுவரு, மரப்பலக கேபின்னா அதுக்குன்னு தனி ஸ்லீவ் (ஓட்டைக்குள்ள சொருகுற உறைக் குழாய்) கிட்டு இருக்கான்னு கேளுங்க, இல்லேன்னா அந்த ரூமுக்கு இது சரி வராது. கட்டில், திரைச்சீலை, கம்பளி எல்லாம் எவ்ளோ தள்ளி இருக்கணும்னு மேனுவல்ல இருக்கும், அந்த எடத்த தரைல பெயின்ட்ல கோடு போட்டு வச்சிருங்க, கெஸ்ட் கட்டில இழுத்து ஹீட்டர் பக்கம் போடுறது எனக்கு வாரா வாரம் நடக்குது.

இனி ஓட்டை. ஹீட்டரோட ஒரு காகித டெம்ப்ளேட் வரும், அத சுவத்துல ஒட்டி ரசமட்டம் வச்சு பாத்துக்கோங்க. உள்ள வயர் பைப் ஓடுதான்னு பாத்துட்டு, வட்டமா தொளைக்கிற கோர் கட்டிங் மிஷின் வச்சிருக்க ஆள கூப்பிடுங்க. உளியும் சுத்தியும் வச்சு மேஸ்திரி நானே ஒடைச்சிருவேன்னு சொல்லுவாரு, அவர் ஒடைச்சா பூனை போற அளவுக்கு ஓட்டை வரும், அப்புறம் அத பூசி அடைக்கிறதுக்கு ரெண்டு மடங்கு வேலை. ஓட்டை வெளிப்பக்கமா லேசா சரிஞ்சிருக்கணும், மழைத்தண்ணி பைப்புக்குள்ள போனாலும் வெளிய வழிஞ்சிரும், உள் சரிவா போட்டா தண்ணி நேரா பர்னருக்கு வரும். ஹாலோ பிளாக் சுவர்னா நடுவுல பொந்து இருக்கும், அந்தப் பொந்துக்குள்ள ஃப்ளூ காத்து பூந்துரக்கூடாது, ஓட்டை நெடுக ஸ்லீவ் போட்டு சுத்தி சிமென்ட் கலவை வச்சு கெட்டியா அடைக்கணும். ஸ்ப்ரே பண்ணுனா பொங்கி வருமே அந்த ஃபோம், அது வேணாம், எரியும்.

பைப்ப மாட்டும்போது உள் பைப்பும் வெளிப் பைப்பும் கடைசி வரைக்கும் முழுசா உக்காரணும், ஜாயின்ட்டுல சீல் வளையம் இருந்தா மடங்காம இருக்கணும். உள் பைப் நடுவுல விட்டுப் போச்சுன்னா எரிஞ்ச காத்தே திரும்ப தீக்கு வரும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. வெளி முனை தாழ்வா இருந்தா கம்பிக் கூண்டு போடுங்க, சூடா இருக்கும், கொழந்தைங்க தொட்டுரும், எங்க வீட்டுல பசு மாடு வந்து ஒரசிக்கிட்டு நின்னுச்சு. பூச்சி போகுதுன்னு கொசுவலைய மட்டும் கட்டிராதீங்க, காத்து நின்னு போயிரும்.

கேஸ் லைன் வேலைய நீங்களா பண்ணாதீங்க. ஓட்டை, பூச்சு, டைல்ஸ் எல்லாம் நாம பாத்துக்கலாம், கேஸ் ஜாயின்ட்ட மட்டும் ஏஜென்சி மெக்கானிக்கோ ட்ரெயினிங் எடுத்த ஃபிட்டரோ தான் தொடணும். இங்கிலாந்துல கேஸ் சேஃப் ரிஜிஸ்டர்ல பேரு இல்லாதவன் காசு வாங்கிட்டு கேஸ் வேலை செஞ்சா அதுவே குத்தம். ஆனா அவர் என்ன பண்றாருன்னு பக்கத்துல நின்னு பாருங்க. சிலிண்டர் ரூமுக்குள்ள வரக்கூடாது, வெளிய, தரை மட்டத்துல, நேரா நிமுத்தி, மேல மறைப்பு போட்டு, சுத்தி காத்து போற மாதிரி. எல்பிஜி காத்த விட கனம், கசிஞ்சா பள்ளத்துக்கு தான் ஓடும், அதனால பக்கத்துல சாக்கடை, செப்டிக் டேங்க் மூடி, கீழ் ரூம் படிக்கட்டு இருக்கக்கூடாது. நம்ம ஊரு சரிவுல கட்டுன வீடுங்கள்ல மேல் ரூம் சிலிண்டர் வைக்கிற எடம் கீழ் ரூம் ஜன்னலுக்கு நேர் மேல அமைஞ்சிரும், அத கவனிக்கணும். அங்க இருந்து காப்பர் பைப், சுவத்துக்குள்ள போற எடத்துல ஸ்லீவ், ஹீட்டருக்கு பக்கத்துல கைக்கு எட்டுற மாதிரி ஒரு வால்வு. ரப்பர் ஹோஸ ஜன்னல் வழியா இழுத்து விடுற வேலையே கூடாது, ஹோஸ் வர்ற எடத்துலயும் கம்பி வச்ச சுரக்‌ஷா ஹோஸ், ஒன்றரை மீட்டருக்கு மேல போகக்கூடாது, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும். ஹோம்ஸ்டே ரூமுக்குன்னா 19 கிலோ கமர்ஷியல் கனெக்‌ஷன் தான், சமையல் சிலிண்டர திருப்பி விடாதீங்க, 4 கிலோவாட் ஹீட்டருக்கு 19 கிலோ ஒரு அறுவது மணி நேரம் வரும், ராத்திரிக்கு நாலு மணி நேரம்னா பதினஞ்சு நாள்.

லைன் போட்டு முடிஞ்சதும் மொதல்ல பிரஷர் டெஸ்ட். மேனோமீட்டர்னு ஒண்ணு மாட்டி வால்வ அடைச்சுட்டு முள்ளோ தண்ணி மட்டமோ எறங்குதான்னு பாப்பாரு, எறங்குனா எங்கயோ கசியுது. அப்புறம் ஒவ்வொரு ஜாயின்ட்டுலயும் சோப்பு நுரை தடவி கொமுழி வருதான்னு பாக்கணும். தீக்குச்சி கொளுத்தி பாக்குற ஆள அப்படியே வாசலோட அனுப்பிருங்க. கசிவுன்னு சந்தேகம் வந்தா ஸ்விட்ச தொடாம வால்வ மூடி கதவ தொறந்து வெளிய வந்து 1906க்கு அடிங்க, எல்பிஜி அவசர நம்பர் அது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க.

பத்த வைக்கும்போது நாப்ப அமுக்கி பைலட், அதான் பர்னர பத்த வைக்கிற சின்னத் தீ, எரிஞ்சதும் உடனே விட்டா அணைஞ்சிரும், தெர்மோகப்பிள்ங்கற சூட்டு சென்சார் சூடாகணும், ஒரு இருபது முப்பது விநாடி அமுக்கிப் பிடிங்க. புது லைன்ல உள்ள காத்து இருக்கும், நாலஞ்சு தடவை ஆகும், பொறுமை. தீ எப்படி இருக்கணும்ங்கறதுல ஒரு கொழப்பம் இருக்கு. சமையல் அடுப்புல நீலமா இருந்தா சரி, மஞ்சள்னா தப்பு. ஆனா கண்ணாடிக்குள்ள வெறகுக்கட்ட மாதிரி செட் வச்ச ஃபயர்ப்ளேஸ்ல தீ மஞ்சளா ஆடுற மாதிரி தான் டிசைனே பண்ணிருப்பாங்க, அதுல நெறத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அங்க பாக்க வேண்டியது கண்ணாடில கரி படியுதான்னு. அந்த பீங்கான் கட்டைங்கள படத்துல இருக்க மாதிரியே அடுக்கணும், அழகுக்காக ஒண்ண அங்க இங்க நகத்துனா தீ அதுல முட்டி கரி கக்கும். பைலட் சும்மா சும்மா அணைஞ்சா, இங்க சில மெக்கானிக்குங்க சென்சார பைபாஸ் பண்ணி குடுத்துருவாங்க, ஹீட்டர் அருமையா எரியும். பெட்டி ஹீட்டர்ல இருக்க ஆக்சிஜன் சென்சார் ரூம்ல ஆக்சிஜன் 18 சதவீதம் அளவுக்கு எறங்குனா தீய நிப்பாட்டத் தான் வச்சிருக்கு, அது அணைச்சா அது உங்கள காப்பாத்திருக்குன்னு அர்த்தம், நீங்க காசு குடுத்து அத கொன்னுறாதீங்க.

ஃப்ளூ வச்ச ஹீட்டரா இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். இஎன் 50291ன்னு நம்பர் போட்டது வாங்குங்க. கடைல கேட்டா கேஸ் லீக் அலாரத்த எடுத்து நீட்டுவாங்க, அது வேற இது வேற. லீக் அலாரம் எல்பிஜிக்கு, தரைக்கு பக்கத்துல கீழ வைக்கிறது. கார்பன் மோனாக்சைடு காத்தோட கலந்து ரூம் பூரா பரவும், அதனால படுக்குற ரூம்ல தலகாணி ஒசரத்துல, மூச்சு விடுற மட்டத்துல, ஹீட்டர்ல இருந்து ஒண்ணுல இருந்து மூணு மீட்டருக்குள்ள. கெஸ்ட் மாறும்போதெல்லாம் டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாருங்க. நான் படுக்கை விரிப்பு மாத்துற அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன், பீப்னு சத்தம் வந்தா தான் அவங்க ரூமுக்கு பூட்டு போடுவாங்க.

கெஸ்டுக்கு கதவுக்கு பின்னாடி ஒரு தாளு ஒட்டி வச்சிருக்கேன், தமிழ்லயும் மலையாளத்துலயும். ஒரே ரூம்ல ரெண்டு மூணு பேருக்கு ஒண்ணா தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தின்னா அது சாப்பாடோ மலை ஏறுன களைப்போ இல்ல, ஹீட்டர அணைச்சிட்டு எல்லாரும் வெளிய வாங்க, என்ன கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்கு போறோம். கொண்டை ஊசி வளைவுல வந்த மயக்கம்னு நெனச்சு மாத்திரைய போட்டுட்டு திரும்ப படுக்குறவங்க தான் ஜாஸ்தி, அதனால அந்த வரிய செவப்புல எழுதிருக்கேன். பக்கெட்ல கரி போட்டு ரூமுக்குள்ள கொண்டு போறதுக்கும் அதே தாள்ல தடை, கேம்ப் ஃபயர் முடிஞ்சதும் மிச்சக் கரிய ஆசையா தூக்கிட்டு போறவங்க இருக்காங்க.

குளிர் ரொம்ப ஏறுன காலைல தீ சின்னதாகிரும். பியூட்டேன் பூஜ்யம் டிகிரி பக்கத்துல ஆவியாகவே அடம் பிடிக்கும், புரொப்பேன் மட்டும் தான் வரும், அதனால சிலிண்டர் பாதி இருக்கும்போதே காலி மாதிரி தெரியும். வெயில் வந்தா தானா சரியாகிரும். சிலிண்டர் மேல வெந்நிய ஊத்துறது, படுக்கப் போடுறது, பக்கத்துல தீ மூட்டுறது எதுவும் வேணாம், சாயங்காலம் வெயில் படுற சுவரு பக்கமா மறைப்ப அமைச்சாலே பெரிய வித்தியாசம் தெரியுது.

சர்வீஸ் வருசத்துக்கு ஒருக்கா, நான் நவம்பர்ல பண்றேன், மழை முடிஞ்சு சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. ஆறு மாசம் ஹீட்டர் சும்மா கெடக்கும்போது பர்னர் குழாய்க்குள்ள சிலந்தி வலை கட்டிரும், ஃப்ளூ முனைல குளவி மண்ணு கூடு கட்டிரும். போன வருசம் ரெண்டாவது ரூம்ல டார்ச் அடிச்சு பாத்தப்ப வெளிப் பைப்புல முக்கால்வாசி குளவிக் கூடு, அப்படியே பத்த வச்சிருந்தா தீ காத்துக்கு அல்லாடியிருக்கும். இப்ப ஏப்ரல்ல சீசன் முடிஞ்சதும் வால்வ மூடிட்டு ஃப்ளூ முனைக்கு ஒரு தகர டப்பாவ கவுத்து வைக்கிறேன், அந்த டப்பா எடுக்காம ஹீட்டர யாரும் போட்டுறக்கூடாதுன்னு ஹீட்டர் நாப்ப கழட்டி அந்த டப்பாவுக்குள்ளயே போட்டு வைக்கிறேன்.